கேட்கும் நாட்களும் செய்யும் நாட்களும்: படைப்புக்கு நிதி திரட்டுவோர் நேரத்தையும் உடலையும் காக்கும் வழி

திருவாலங்காட்டிலோ திருத்தணியிலோ இருந்துகொண்டு ஒரு புத்தகம் போட வேண்டும், ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும், பாரதக் கூத்தின் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டலாம் என்ற முடிவுக்கும் வந்துவிட்டீர்கள். இந்த அத்தியாயம் சொல்லித்தருவது ஒன்றைத்தான்: வேலையையும் குடும்பத்தையும் கைவிடாமல், உடம்பு படுத்துவிடாமல் இதை எப்படிச் செய்து முடிப்பது.

கன்னட இயக்குநர் பவன் குமார் 'லூசியா' படத்துக்காக 110 பேரிடமிருந்து சுமார் 50 லட்சம் ரூபாயை 27 நாட்களில் திரட்டினார். பிறகு தமிழில் 'எனக்குள் ஒருவன்' என்று வந்தது அந்தக் கதைதான். எல்லோரும் அந்த 27 நாளைப் பற்றியே பேசுகிறார்கள். படம் திரைக்கு வந்ததோ 2013 செப்டம்பரில். பணம் வந்து சேர்ந்ததற்கும் படம் வெளிவந்ததற்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் உழைப்பு இருக்கிறது. கேட்கும் நாட்கள் குறைவு, செய்யும் நாட்கள் அதிகம். கேட்கும்போதே உங்கள் பலம் முழுவதும் தீர்ந்துவிட்டால் படைப்பை யார் செய்வது?

ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி: முதலில் உங்கள் மணிநேரத்தை எண்ணுங்கள், பிறகு தேதியைக் குறியுங்கள், இலக்குத் தொகையைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தேவையானவை: ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தமிழ் தினசரி நாட்காட்டி, இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, உங்களோடு நிற்க இரண்டு மூன்று பேர்.

## படி 1: உங்கள் வாரத்தை அளவிடுங்கள்

1. ஒரு முழு வாரத்துக்கு, தூங்கும் நேரம், வேலை, பயணம், சமையல், பிள்ளைகளின் படிப்பு என எல்லாவற்றையும் மணிக்கணக்கில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். அன்றன்று இரவில் எழுதுங்கள்.
2. மிச்சமிருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு வார நாளில் ஒன்றரை மணி, சனிக்கிழமை மூன்றரை மணி, ஞாயிறு ஐந்து மணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 மணி.
3. அதில் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். கல்யாணம், காது குத்து, காய்ச்சல், துக்க வீடு எல்லாம் அந்தக் கால் பங்கில்தான் வரும். மீதி 12 மணி. இதுதான் உங்கள் உண்மையான வாரம்.
4. அந்த 12 மணியையும் மூன்றாகப் பிரியுங்கள்: மனம் தெளிவாக இருக்கும் நேரம், சாதாரண நேரம், களைத்த நேரம்.

தெளிவான நேரத்தில் எழுதுங்கள், படம் பிடியுங்கள், கணக்கைச் சரிபாருங்கள். சாதாரண நேரத்தில் ஃபோன் பேசுங்கள், செய்தி அனுப்புங்கள். களைத்த நேரத்தில் உறை ஒட்டுவது, முகவரி எழுதுவது போன்ற கைவேலை மட்டும் போதும். பணம் தொடர்பான எதையும் களைத்த நேரத்தில் செய்யாதீர்கள். தவறான எண்ணுக்குப் பணம் போவதும், ஒருவர் பெயரில் இன்னொருவர் தொகையை எழுதிவிடுவதும் அப்போதுதான் நடக்கும்.

வேலையை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து 1887இல் வெளியிட்டார். அச்சுச் செலவுக்காகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். சென்னையில் நடந்த அச்சு வேலையை மேற்பார்க்கக் கல்லூரி விடுமுறையைப் பயன்படுத்திக்கொண்டார். எந்த வேலையை எந்த நாளில் வைப்பது என்பதில் அவர் காட்டிய ஒழுங்கு இன்றைக்கும் பொருந்தும்.

குறிப்பு: ரயிலில் நிற்கும் நேரத்தைச் செய்திகளை எழுதிவைக்க மட்டும் பயன்படுத்துங்கள். அனுப்புவது உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு.

## படி 2: ஊர் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

திரட்டும் காலத்தை 30 நாளுக்குள் வையுங்கள். 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளம் 60 நாள் வரை அனுமதிக்கிறது. ஆனாலும் 30 நாளோ அதற்குக் குறைவாகவோ வைப்பதே நல்லது என்று அந்தத் தளமே அறிவுறுத்துகிறது. நாள் கூடக்கூடக் கொடுப்பவருக்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்ற எண்ணம் வரும், உங்களுக்கு அலுப்பு வரும்.

எந்த 30 நாள்? நாட்காட்டியில் இவற்றைச் சிவப்பு மையில் குறியுங்கள்:

- ஆடிக் கிருத்திகை. திருத்தணிக்குக் காவடிக் கூட்டம் வரும் நாட்கள். சாலை, ரயில், உறவினர் வருகை எல்லாம் நெருக்கும். இந்த வாரத்தில் தொடக்கமும் வேண்டாம், முடிவும் வேண்டாம்.
- மார்கழித் திருவாதிரை. நடராசரின் இரத்தின சபை உள்ள ஊர் என்பதால் திருவாலங்காட்டுக்கு இது பெரிய நாள். அன்றிரவு யாரிடமும் பணம் கேட்க முடியாது. ஆனால் உங்கள் படைப்பு காரைக்கால் அம்மையாரைப் பற்றியோ இந்தத் தலத்தைப் பற்றியோ இருந்தால், வெளியூர் அன்பர்களைச் சந்திக்க இதைவிட நல்ல நாள் இல்லை.
- டிசம்பர் 31. திருத்தணிப் படித் திருவிழா. மலைக்கு ஏறும் 365 படிகளுக்கும் பூசை நடக்கும். அடுத்த நாளே ஆங்கிலப் புத்தாண்டு. இரண்டு நாளும் விடுப்பு.
- பங்குனி உத்திரம், அதையொட்டி வரும் பள்ளித் தேர்வுகள். ஆசிரியர்களும் பெற்றோரும் உங்கள் பட்டியலில் அதிகம் என்றால் மார்ச் மாதத்தை விட்டுவிடுங்கள்.
- கத்திரி வெயில். கோடையில் தமிழகத்தின் உச்ச வெப்பம் பதிவாகும் ஊர்ப் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருகிறது. வீடு வீடாகப் போய்க் கேட்கும் திட்டம் இருந்தால் மே மாதம் வேண்டாம்.
- ஐப்பசி, கார்த்திகை மழை. வெளிப்புறப் படப்பிடிப்பும் பார்சல் அனுப்புவதும் இந்தக் காலத்தில் விழக்கூடாது.

சம்பளம் வந்த முதல் வாரம்தான் பலருக்குக் கை தளரும் வாரம். ஆகவே 30 நாளும் ஒரு மாதத்தின் கடைசி வாரத்தில் தொடங்கி அடுத்த மாதம் முடிவுக்கு வந்தால், நடுவில் ஒரு சம்பள வாரம் முழுதாகக் கிடைக்கும். முடிவு தேதி பெரும்பாலோர் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவாக இருக்கட்டும்.

கூத்துப் பதிவு செய்பவர்களுக்கு: வடமாவட்டங்களில் பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் பாரதங்கள் நடக்கும். அது படம்பிடிக்கும் காலம். கலைஞர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கும் பணம் திரட்டுவதற்கும் சீசன் ஓய்ந்த மாதங்களே சரி. விடிய விடிய ஆடியவரைக் காலையில் ஃபோனில் எழுப்பாதீர்கள். மாலையில் பேசுங்கள்.

## படி 3: இலக்குத் தொகையை உழைப்பால் அளவிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. காரைக்கால் அம்மையார் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கான வண்ணப் படப் புத்தகமாகப் போடுகிறீர்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறைக்காக மட்டும். உங்கள் அச்சகத்திலும் அஞ்சலகத்திலும் விலை கேட்டு உங்கள் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

- அச்சு: 1,05,000
- ஓவியர்: 40,000
- 350 பிரதி அஞ்சல் செலவு, ஒன்றுக்கு 60 ரூபாய் வீதம்: 21,000
- உறை, அட்டை, டேப்: 6,000
- எதிர்பாராத செலவு, நூற்றுக்குப் பத்து: 17,200

மொத்தம் 1,89,200. இணையத் தளம் கட்டணமும் வரியுமாகச் சுமார் 8 சதவீதம் பிடித்தால், 2,10,000 ரூபாய் திரட்டினால்தான் கைக்கு 1,93,200 வரும். ஒருவர் சராசரியாக 600 ரூபாய் தருவார் என்றால் 350 பேர் வேண்டும்.

இங்கேதான் பலரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள்.

1. ஐந்து பேரிடம் கேட்டால் ஒருவர் தருவார் என்று கொள்வோம். 350 பேருக்கு 1,750 பேரிடம் கேட்க வேண்டும்.
2. ஒருவருக்குப் பெயர் சொல்லிச் செய்தி எழுதி, பதில் சொல்லி முடிக்க 4 நிமிடம். 1,750 பேருக்கு 7,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 117 மணி.
3. உங்கள் கையில் வாரம் 12 மணி. 30 நாளில் சுமார் 50 மணி. அதில் பாதி மற்ற வேலைகளுக்குப் போய்விடும். கேட்பதற்கு 25 மணி.
4. 25 மணியில் 375 பேரிடம் கேட்கலாம். 75 பேர் தருவார்கள். 45,000 ரூபாய் வரும்.

ஆக, நீங்கள் ஒருவரே செய்தால் எட்டும் தொகை 45,000. தேவையோ 2,10,000. நடுவே உள்ள பள்ளத்தை இரவுத் தூக்கத்தால் நிரப்ப முயல்வதுதான் மிகப் பெரிய தவறு. சரியான வழிகள் மூன்று:

- ஆள் சேர்ப்பது. உங்களையும் சேர்த்து, இதே அளவு நேரம் தரக்கூடிய நான்கு பேர் இருந்தால் 1,80,000 வரை எட்டும். மீதியைப் பொதுக் கூட்டத்திலும் பள்ளிகள் வழியாகவும் திரட்டலாம்.
- வேலையைச் சிறிதாக்குவது. முதல் பதிப்பு கறுப்பு வெள்ளையில், 100 பிரதி. வண்ணப் பதிப்பு அடுத்த ஆண்டு.
- ஏற்கெனவே உள்ள கூட்டத்தைத் தேடுவது. 1976இல் வெளிவந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் தந்தார்கள். இயக்குநர் சியாம் பெனகல் 5 லட்சம் கதவுகளைத் தட்டவில்லை. அவர்கள் ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டிருந்தார்கள். உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்யக்கூடியவை பள்ளி முன்னாள் மாணவர் குழு, திருமுறை ஓதும் மன்றம், ரயில் பயணிகள் குழு, நூலக வாசகர் வட்டம்.

அகலக்கால் வைக்க வேண்டாம் என்பதைப் பாரதியின் அனுபவத்திலிருந்தும் கற்கலாம். 1920இல் தன் படைப்புகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டு, அதற்குக் கடனாகப் பணம் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். கேட்டவர் பாரதி. கேட்ட காரணமும் உயர்ந்தது. இருந்தும் திட்டம் கைகூடவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். எவ்வளவு பெரிய கனவானாலும் முதல் நூல், முதல் 200 பிரதி என்று பிரித்துக் கேளுங்கள்.

எச்சரிக்கை: பணம் தந்தவர்களுக்குப் பரிசாகத் தரும் ஒவ்வொரு பொருளுக்கும் நேரச் செலவு உண்டு. 350 பார்சல், ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் 70 மணி. உங்கள் கணக்கில் அது ஆறு வாரம். கையால் எழுதிய கடிதம், பெயர் பொறித்த பை, கையெழுத்திட்ட ஓவியம் என்று வாக்குக் கொடுக்கும் முன், அதில் ஒன்றைச் செய்து பார்த்து நேரத்தைக் குறியுங்கள். பரிசு வகை மூன்றைத் தாண்ட வேண்டாம்.

## படி 4: எட்டு வார முன்னேற்பாடு

திரட்டத் தொடங்கும் நாளில் புதிதாகச் செய்ய எந்த வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது.

1. வாரம் 1, 2: பெயர்ப் பட்டியல். நெருங்கியவர், தெரிந்தவர், கேள்விப்பட்டவர் என மூன்று பத்தி. ஒவ்வொருவருக்கும் எதிரில் யார் பேசுவது என்று எழுதுங்கள்.
2. வாரம் 2, 3: அனுமதிக் கடிதங்கள். கோயில் தொடர்பான படைப்பு என்றால் இதை முதலில் தொடங்குங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வாய்மொழி அனுமதியை நம்பி உள்ளே படம் எடுக்காதீர்கள். கோயில் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதில் வர வாரங்கள் ஆகலாம்.
3. வாரம் 3, 4: மாதிரி. புத்தகம் என்றால் நான்கு பக்கம், படம் என்றால் இரண்டு நிமிடம். மாதிரியைக் காட்டிக் கேட்பது எளிது. வெறும் வாயால் விளக்கிக் கேட்பது நேரத்தைத் தின்னும்.
4. வாரம் 5: வீடியோ. இரண்டு நிமிடம் போதும். முகம் தெரியட்டும், குரல் தெளிவாக இருக்கட்டும். இது ஆந்திர எல்லைப் பகுதி. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரலில்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கு நிறைய. அதே வீடியோவை அன்றே தெலுங்கிலும் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு தனியாகச் செய்ய நேரம் கிடைக்காது.
5. வாரம் 6: 30 நாளுக்கான செய்திகளில் பாதியை எழுதி முடியுங்கள். நன்றிச் செய்தி, வழக்கமான கேள்விகளுக்கான பதில், தாமத அறிவிப்பு ஆகியவையும் இப்போதே தயாராகட்டும்.
6. வாரம் 7: நெருங்கிய 30 பேரிடம் நேரில் பேசி, முதல் இரண்டு நாளில் தருவதாக வாக்கு வாங்குங்கள். தொடக்கத்தில் ஏறும் தொகைதான் அறிமுகமில்லாதவருக்கு நம்பிக்கை தரும்.
7. வாரம் 8: ஓய்வு. புது வேலை எதுவும் வேண்டாம். கடைசி மூன்று நாள் நன்றாகத் தூங்குங்கள்.

## படி 5: முப்பது நாளை மூன்றாகப் பிரியுங்கள்

நாள் 1 முதல் 5 வரை. வேகமான நாட்கள். முடிந்தால் அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுங்கள். நெருங்கியவர்கள் எல்லோரிடமும் இப்போதே கேட்டு முடியுங்கள்.

நாள் 6 முதல் 23 வரை. வரவு குறையும். இது இயல்பு. தோல்வி என்று எண்ணிப் பதறி இரவு பகலாகச் செய்தி அனுப்புபவர்கள் இந்த நாட்களில்தான் சோர்ந்து விழுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேரிடம் மட்டும் என்று எண்ணிக்கை வையுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். வாரத்துக்கு ஒரு பொது நிகழ்வு நடத்துங்கள்: ஓவியக் கண்காட்சி, பாட்டு, வாசிப்பு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் 1986இல் வந்த 'அம்ம அறியான்' படத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் படங்களைத் திரையிட்டு மக்களிடம் நிதி வாங்கினார்கள். கேட்கும் இடத்திலேயே ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். அதோடு குழுவாக இருந்ததால் உழைப்பும் பகிர்ந்துகொள்ளப்பட்டது.

நாள் 24 முதல் 30 வரை. மீண்டும் வேகம். 'தருகிறேன்' என்று சொல்லி மறந்தவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல். இரண்டாவது நினைவூட்டல் உறவைக் கெடுக்கும்.

ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்:

1. காலை 15 நிமிடம்: நேற்று வந்த தொகையைக் கணக்கில் எழுதுங்கள்.
2. மதிய இடைவேளையில் 15 நிமிடம்: நன்றிச் செய்தி. தந்தவருக்கு அன்றே நன்றி போய்ச் சேர வேண்டும்.
3. மாலை ஒரு மணி: அன்றைய பட்டியலில் உள்ளவர்களிடம் பேசுங்கள்.
4. இரவு 9.30க்கு மேல் தளத்தைத் திறந்து தொகையைப் பார்க்காதீர்கள். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும்.
5. வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. அன்று குழுவில் இன்னொருவர் பொறுப்பு.

எப்படிக் கேட்பது: 'வணக்கம் ஐயா. எட்டாம் வகுப்பில் உங்களிடம் தமிழ் படித்தவன். அம்மையார் வரலாற்றைப் பிள்ளைகளுக்கான படப் புத்தகமாகக் கொண்டுவருகிறோம். நான்கு பக்கம் அனுப்பியிருக்கிறேன். 600 ரூபாய் முன்பதிவு செய்தால் வைகாசியில் புத்தகம் உங்கள் வீட்டுக்கு வரும். இயலாவிட்டால் உங்கள் வாழ்த்தே போதும்.' யார், என்ன, எவ்வளவு, எப்போது என்ற நான்கும் இதில் உள்ளன. மறுக்க இடமும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே செய்தியைக் குழுவில் போடுவதைவிட, இப்படி உறவு முறையோடு பத்துப் பேருக்கு எழுதுவது பலன் தரும்.

## படி 6: உடலையும் மனத்தையும் காத்தல்

- தூக்கம்: ஏழு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். இரண்டு இரவு தொடர்ந்து குறைந்தால் மறுநாள் கேட்கும் வேலையை நிறுத்திவைத்துத் தூங்குங்கள்.
- சாப்பாடு, தண்ணீர்: வெளியே அலையும் நாளில் காலை 11 முதல் 3 மணி வரை வெயிலில் நடக்காதீர்கள். தண்ணீரும் மோரும் கையில் இருக்கட்டும். தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் போன்றவை தெரிந்தால் நிழலுக்குப் போய் உடலைக் குளிரவைத்து, உடனே 108க்கு அழையுங்கள்.
- மறுப்பு: ஐந்தில் நான்கு பேர் மறுப்பார்கள் என்று கணக்கிலேயே எழுதியிருக்கிறோம். மறுத்தவர் பெயருக்கு எதிரில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். காரணம் கேட்காதீர்கள்.
- குத்தல் பேச்சு: 'பிச்சை எடுக்கிறாயா' என்று ஒருவராவது கேட்பார். கூத்துக் களத்தில் அன்பளிப்புத் தந்தவர் பெயரை மேடையில் கட்டியங்காரன் உரக்கச் சொல்லுவதும், திருவிழாவுக்கு ஊர் வரி போடுவதும் நம் வழக்கம்தான். கலைக்கு ஊர் கூடிக் கொடுப்பது பழைய மரபு. அதைப் பணிவாகச் சொல்லிவிட்டு நகருங்கள், வாதம் செய்யாதீர்கள்.
- வீடு: தொடங்கும் முன்பே குடும்பத்தாரோடு உட்கார்ந்து, இந்த 30 நாளில் யார் எதைக் கூடுதலாகச் செய்வது என்று பேசுங்கள். பெண்கள் தொடங்கும் முயற்சிகளில் சமையலும் பிள்ளை வளர்ப்பும் அப்படியே அவர்கள் தலையில் இருந்தால் 12 மணி 4 மணியாகிவிடும். அடுப்படி வேலையைப் பங்கிடுவதும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி.

## படி 7: பணத்தில் பத்திரம்

1. தனிக் கணக்கு. வீட்டுச் செலவும் திரட்டிய பணமும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது.
2. எழுத்துப் பதிவு. ராஜேந்திர சோழன் காலத்தில் பழையனூர் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்தது செப்பேட்டில் எழுதப்பட்டதால்தான் இன்றும் நமக்குத் தெரிகிறது. 100 ரூபாய் தந்தாலும் பெயர், தேதி, தொகை, வாக்களித்த பொருள் நான்கையும் எழுதுங்கள்.
3. லாபப் பங்கு தருவதாகச் சொல்லாதீர்கள். பொதுமக்களிடம் முதலீடாகப் பணம் வாங்குவது செபி விதிகளுக்கும் கம்பெனிச் சட்டத்துக்கும் உட்பட்டது. நீங்கள் தருவது புத்தகம், நுழைவுச் சீட்டு, நன்றிப் பக்கத்தில் பெயர். இவற்றோடு நில்லுங்கள்.
4. வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாகப் பெறும் தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வரிக்கணக்கில் சேரும். முன்பதிவு விற்பனை என்றால் அது தொழில் வருமானம். தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.
5. வெளிநாட்டுப் பணம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்புவது வேறு. இரண்டாவது, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரக்கூடும். மன்றமோ அறக்கட்டளையோ பதிவில்லாமல் வாங்கினால் குற்றமாகும்.
6. தளத்தின் விதி. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு ரூபாயும் வராது. இந்தியாவில் இருப்பவர் அங்கே நேரடியாகத் தொடங்கவும் முடியாது. மிலாப், கெட்டோ போன்ற இந்தியத் தளங்கள் மருத்துவ உதவிக்கே அதிகம் அறியப்பட்டவை. படைப்புத் திட்டத்தை ஏற்பார்களா, கட்டணம் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.
7. மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை ஒருபோதும் போட வேண்டியதில்லை. 'பெரிய தொகை அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்' என்று யாராவது சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.
8. கோயில் பெயர். கோயில் வளாகத்தில் அனுமதியின்றி வசூல் செய்யாதீர்கள். ரசீதிலோ விளம்பரத்திலோ கோயிலே நடத்துவது போன்ற தோற்றம் வரக்கூடாது.

## படி 8: பணம் வந்த பிறகு

1. முடிந்த மறுநாள் எல்லோருக்கும் நன்றி. அதன் பிறகு ஒரு வாரம் முழு ஓய்வு. இந்த ஓய்வை முன்கூட்டியே நாட்காட்டியில் எழுதிவைத்தால்தான் கிடைக்கும்.
2. படைப்பு வரும் தேதிக்கு வாக்குக் கொடுக்கும்போதே, உங்களுக்குத் தோன்றும் கால அளவோடு பாதியைக் கூட்டிச் சொல்லுங்கள். நான்கு மாதம் போதும் என்று நினைத்தால் ஆறு மாதம் என்று அறிவியுங்கள்.
3. மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், பத்து வரியில் நிலவரம் எழுதுங்கள். தாமதம் என்றால் அதையும் எழுதுங்கள். பதில் இல்லாத மௌனம்தான் கொடுத்தவரைக் கோபப்படுத்தும்.
4. பார்சல் வேலையை ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். ஒரு மாலைக்கு 25 என்று வைத்து, அஞ்சலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.
5. வரவு செலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தந்தவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள். அடுத்த படைப்புக்கு அவர்கள்தான் முதலில் தருவார்கள்.

இலக்கை எட்டாவிட்டால்: ஒரு வாரத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்புவதா, சிறிய வடிவில் செய்வதா என்பதைத் தந்தவர்களிடமே கேளுங்கள். திருப்பிக் கேட்பவருக்கு மறுபேச்சின்றித் திருப்புங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- தேதியை முதலில் அறிவித்துவிட்டு அதற்குள் எல்லாவற்றையும் திணிப்பது.
- முதல் நாளில் குழுவாக இருந்து, பத்தாம் நாளில் தனியாக நிற்பது. யாருக்கு எந்த நாள் என்று எழுத்தில் பிரித்தால் இது நடக்காது.
- நடுவில் வரவு குறைந்ததும் புதுப்புதுப் பரிசுகளை அறிவிப்பது.
- அஞ்சல் செலவைக் கணக்கில் சேர்க்க மறப்பது.
- திரட்டும் மாதத்திலேயே படைப்பு வேலையையும் முழு வேகத்தில் ஓட்டுவது. அந்த மாதத்தில் படைப்புக்கு வாரம் இரண்டு மணி மட்டும் ஒதுக்குங்கள். கை விட்டுப்போகாமல் இருக்க அது போதும்.

லீனா மணிமேகலையின் 'மாடத்தி' மக்களிடம் நிதி திரட்டி எடுக்கப்பட்ட தமிழ்ப் படம்; 2019இல் பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பெரிய தயாரிப்பாளர் இல்லாமலும் தமிழில் படைப்பு வெளிவரும் என்பதற்கு இது சான்று. உங்கள் ஊரின் கதையை உங்களைவிட நன்றாகச் சொல்ல வேறு யாரும் வரப்போவதில்லை. அதனால் உங்கள் உடல்நலமும் இந்தத் திட்டத்தின் மூலதனமே. இலக்கை எட்டிவிட்டுப் படுத்த படுக்கையாகும் முயற்சியைவிட, பாதித் தொகையோடு 100 பிரதியை வாக்களித்த நாளில் வீடு சேர்க்கும் முயற்சியே வெற்றி. இன்றிரவே நோட்டைத் திறந்து, இன்று உங்கள் நேரம் எங்கே போனது என்பதை எழுதுங்கள். தேதியை அடுத்த வாரம் குறிக்கலாம்.